பூஅலாம் கடையில் மச்சானுடைய தட்டு

ஐன் ரும்மான்,
12 அக்டோபர் 1987

அன்புத் தம்பி நூரிக்கு,

அக்கா ஃபத்தூமா எழுதறேன். இங்கே நானும் ஆடுகளும் சுகம். அங்கே உன் உடம்பு, வேலை, தூக்கம் மூணும் ஒழுங்கா இருக்கணும்னு அல்லாஹ்கிட்ட கேட்டுக்கிட்டுத்தான் பேனாவை எடுத்தேன்.

விசாரிச்சாச்சு, இனி விஷயத்துக்கு வர்றேன். உன் மச்சான் இந்தக் கோடைக்கு வரலை. இருபது வருஷத்துக்கு மேல ரூபே கம்பளி மில்லுல இருக்கிற மனுஷன், ஒரு ஆகஸ்ட் மாசம்கூட ஊருக்கு வராம இருந்ததில்லை. இந்த வருஷம் "மில்லுல ஆள் பத்தலை, அடுத்த கோடைக்குப் பார்ப்போம்"னு நாலே வரி. பிரான்ஸ்ல மில்லெல்லாம் ஆளை வீட்டுக்கு அனுப்பறான்னு ரேடியோ சொல்லுது. இவர் மில்லுல மட்டும் ஆள் பத்தலையாம். நான் என்ன நேத்துப் பிறந்தவளா?

அவர்கிட்ட கேட்டா "சுகம், சுகம்"னுதான் வரும். அதனால உன்கிட்ட கேட்கிறேன். சாயங்காலச் சாப்பாடு தினமும் ஹாஜி பூஅலாம் கடையிலதானே? அடுப்பு முன்னால நிக்கிறவன் நீதானே? அவர் தட்டுல என்ன போகுது, என்ன மிச்சமா திரும்புதுன்னு மட்டும் எழுது. மீதியை நானே புரிஞ்சுக்குவேன். வேற வீடு ஏதாவது வெச்சிருந்தா அதையும் எழுதிரு. பிள்ளை இல்லாதவ புருஷன், ஊர் வாயை மூட முடியாது. அதைத் தாங்கிக்கிற நெஞ்சு எனக்கு இருக்கு. தெரியாம உட்கார்ந்திருக்கத்தான் முடியலை.

போன் பண்ணலாம்னு செத்தீஃப் டவுன் வரைக்கும் போனேன். காலையில நின்னா சாயங்காலம்தான் லைன் கிடைக்குது. வரிசையில நிக்கிறவங்க எல்லாம் காதைத் தீட்டிக்கிட்டு நிக்கிறாங்க. கடிதமே மேல்.

உன் பதிலுக்கு வழி பார்த்துக்கிட்டு,
அக்கா ஃபத்தூமா

*

ரூபே,
3 நவம்பர் 1987

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

நூரி சலாம் சொல்லி எழுதறேன். அல்லாஹ் புண்ணியத்துல நான் சுகம், மச்சானும் சுகம். உனக்கு முட்டி வலி எப்படி இருக்கு? குளிர்ல கிணத்தடியில ரொம்ப நேரம் நிக்காதே.

கடையில கூட்டத்துக்குக் குறைச்சல் இல்லை. மில் விட்டா எல்லாரும் நேரா இங்கேதான் வர்றாங்க. காரக் கறி அடைச்ச மெர்கேஸ், ஈரல் குச்சி, கோழிக்கால்னு அடுப்பு அணையறதே இல்லை. மெர்கேஸ்ல கொழுப்பு சொட்டித் தீ எழும்பறப்ப என் புருவம் பாதி போச்சு. ரொட்டியும் ஹரீஸாக் காரச் சட்னியும் கேட்காமலே மேசைக்குப் போயிரும். உருளை வறுவலை ஹாஜி கையால அள்ளித்தான் வைப்பார், கரண்டி வெச்சா கஞ்சத்தனமாத் தெரியுமாம். வாசல்ல "ஹலால்"னு பச்சை விளக்குல புதுசா ஒரு பலகை மாட்டியிருக்கார். அதுல ஒரு எழுத்து மட்டும் எரியமாட்டேங்குது. அதைப் பத்தித் தினம் ஒரு சண்டை.

மச்சான் எப்பவும்போல ஹீட்டர் பக்கத்து மேசையில உட்காருவார். இப்பக் குளிருக்கு ஷோர்பா நிறையக் குடிக்கிறார். வேற வீடெல்லாம் கிடையாது அக்கா, அதுக்கு நான் பொறுப்பு. அந்தக் கவலையைத் தூக்கிப் போடு.

எல்லாருக்கும் சலாம் சொல்லு.
உன் தம்பி நூரி

*

ஐன் ரும்மான்,
22 நவம்பர் 1987

தம்பி நூரிக்கு,

ஆண்டவன் உன்னை நல்லா வெச்சிருக்கட்டும். என் முட்டிக்கு ஒண்ணுமில்லை.

என்னடா எழுதியிருக்கே? கடைப் பலகை, உன் புருவம், ஹாஜி கைன்னு ஒரு பக்கம். ஊர்ல இருக்கிறவன் தட்டெல்லாம் எழுதினே. நான் கேட்ட தட்டுக்கு ஒரு வரி. அந்த ஒரு வரியில ஷோர்பா!

ஷோர்பாவா, உன் மச்சானா? நோன்பு திறக்கிறப்பவே "தண்ணியைக் குடுத்து ஏமாத்தாதே, கறியைக் கொண்டா"ங்கிற ஆளு அவர். கல்யாணமான புதுசுல நான் ரெண்டு நாள் தொடர்ந்து ஷோர்பா வெச்சேன்னு மூணாம் நாள் நம்ம அம்மா வீட்டுல போய்ச் சாப்பிட்டுட்டு வந்தார். அந்த வாய்க்கு இப்ப ஷோர்பா இனிக்குதா?

அவருக்கு என்னடா ஆச்சு? அதைச் சொல்லு.

எதுவா இருந்தாலும் கடிதமா எழுது. தந்தி மட்டும் அடிச்சிராதே. உனக்கே தெரியும், கடல் தாண்டி வர்ற தந்திக்கு நம்ம மலையில ஒரே அர்த்தம்தான். போன மாசம் மஸ்ஊத் வீட்டுக்கு லியோன்லேர்ந்து ஒண்ணு வந்தது. தபால்காரன் கையில காகிதத்தைப் பார்த்ததுமே அவன் அம்மா படியிலேர்ந்து விழுந்து இடுப்பு எலும்பு போச்சு. பிரிச்சுப் படிச்சா, பேரன் பிறந்திருக்கானாம். ஊரே அழுது முடிச்ச பிறகு சிரிச்சுது.

உடனே எழுது.
அக்கா

*

ரூபே,
30 டிசம்பர் 1987

அன்பு அக்காவுக்கு,

நலமா இருக்கேன், நீயும் நலமா இருக்கணும். தாமதத்துக்குக் கோவிச்சுக்காதே. வருஷக் கடைசி, கடையில மூச்சு விட நேரமில்லை.

மச்சானுக்கு ஒண்ணுமில்லை. கொஞ்சம் இளைச்சிருக்கார். டாக்டர் ஏதோ மருந்து கொடுத்திருக்கார். இங்கே குளிர்ல எல்லாருக்கும் அப்படித்தான்.

மத்தது அடுத்த கடிதத்துல.
நூரி

*

ஐன் ரும்மான்,
12 ஜனவரி 1988

நூரி,

உனக்கு சலாம். உடம்பைப் பத்திக் கேட்கிற பொறுமை எனக்கு இன்னைக்கு இல்லை.

ஏழு வாரம் காத்திருந்தேன், அரைப் பக்கம் அனுப்பியிருக்கே. அதுலயும் எழுத்து கோணல்மாணலாப் போயிருக்கு. சின்ன வயசுல ஆட்டைத் தொலைச்சுட்டு வந்து நின்னியே, அதே முழி அந்த எழுத்துல தெரியுது. கடல் தாண்டி இருக்கிறவங்களுக்குக் கெட்ட சேதி சொல்லக்கூடாதுன்னு நம்மாளுங்க ஒரு பழக்கம் வெச்சிருக்காங்களே, அது எனக்கும் தெரியும். நானே எத்தனை தடவை உங்க ரெண்டு பேருக்கும் மறைச்சிருக்கேன். அம்மா படுத்த படுக்கையா இருந்தப்ப "அம்மா சுகம், கீரை பறிக்கப் போயிருக்கா"ன்னு எழுதினவ நான்தானே. நீ ஓடி வந்து சேர்றதுக்குள்ள மண்ணு மூடியாச்சு. அன்னைக்கு என் முகத்தைப் பார்க்காம நீ திரும்பிப் போனே. அதை மறந்துட்டியா?

அவர் என் புருஷன்டா. வருஷத்துல ஒரு மாசம்தான் எனக்குன்னு கிடைச்ச மனுஷன். அவருக்கு முடியலைன்னா பக்கத்துல உட்கார எனக்கு உரிமை இருக்கு. உயிரோட இருக்கிறப்ப அவர் முகத்தைப் பார்க்கணும், அவ்வளவுதான் நான் கேட்கிறது.

மரியாதையா எழுது.
ஃபத்தூமா

*

ரூபே,
26 ஜனவரி 1988

என் அக்காவுக்கு,

உட்கார்ந்து படி. தனியா இருந்தா பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டு வெச்சுக்கோ.

மச்சானுக்குத் தொண்டைக்குக் கீழே கட்டி. வசந்த காலத்துலயே கண்டுபிடிச்சாங்க. கோடைக்கு வராததுக்கு மில்லு காரணமில்லை, ஆஸ்பத்திரியில இருந்தார். கரண்ட் வெச்சுச் சுட்டுப் பார்த்தாங்க, பலன் இல்லை. இப்ப டாக்டர் மருந்து எழுதறப்ப எங்க முகத்தைப் பார்க்கிறதில்லை.

எனக்கு முதல்ல தெரியாது. எப்பவும்போல மெர்கேஸும் வறுவலும் கேட்பார். நான் அடுப்புப் பக்கமிருந்து பார்க்கிறப்ப நல்லாத்தான் வெட்டிக்கிட்டிருப்பார். ஒரு நாள் பார்த்தா வெட்டறார், தள்ளறார், திரும்ப வெட்டறார், ஒண்ணும் வாய்க்குப் போகலை. காகிதத்துல சுருட்டிக் கோட்டுப் பையில போட்டுக்கிட்டார். வாசல்ல பிடிச்சு நிறுத்திக் கேட்டேன். என் கையைக் குர்ஆன் மேல வெச்ச மாதிரி தன் நெஞ்சு மேல வெச்சுக்கிட்டுச் சொன்னார்: "நீ பார்த்தது உன் கண்ணோட போகட்டும் நூரி. அவளுக்கு எழுதினே, என் மையத்தைத் தூக்க நீ வரவேண்டாம்." நான் என்ன செய்வேன் அக்கா?

கடையில எல்லாருக்கும் தெரியும். யாரும் வாயைத் திறக்கிறதில்லை. ஹாஜி தினமும் அவர் முன்னால முழுத் தட்டு வைப்பார், கொஞ்சம்கூடக் குறைச்சு வைக்கமாட்டார். எதிர்ல உட்கார்ந்திருக்கிறவங்க ஊர்க்கதை பேசிக்கிட்டே அந்தத் தட்டுலேர்ந்து ஆளுக்கொரு துண்டு எடுத்துக்குவாங்க, அவர் பார்க்காத மாதிரி இருப்பார். கடைசியில ஹாஜி மேலே காகிதத்தைப் போட்டு மூடி எடுத்துட்டுப் போறப்ப, "லக்தர் தட்டைப் பாருங்கடா, துடைச்சு வெச்சிருக்கார்"னு சத்தமாச் சொல்லுவார். எல்லாரும் சிரிப்பாங்க. மச்சானும் சிரிப்பார். வீட்டுல தனியா இருந்தா நோயாளி, இங்கே வந்தா அவர் பழைய லக்தர். அதுக்குத்தான் குளிர்ல அவ்வளவு தூரம் நடந்து வர்றார்.

ஈரலை அரைச்சுக் கூழாக்கிக் கொடுத்துப் பார்த்தேன். ஷோர்பாவை வடிகட்டிக் கொடுத்தேன். இப்ப அதுவும் நாலு கரண்டிதான். எனக்குத் தெரிஞ்ச தொழில் கறி வாட்டறது ஒண்ணுதான், அது அவருக்கு இறங்கலை.

மன்னிச்சிரு அக்கா.
நூரி

*

ஐன் ரும்மான்,
9 பிப்ரவரி 1988

தம்பிக்கு,

உன் கடிதம் கிடைச்சுது. பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிடலை. ஆட்டுக் கொட்டில்ல போய் அழுதுட்டு வந்தேன். முடிஞ்சுது. இனி ஆக வேண்டியதைப் பார்ப்போம்.

நீ சொல்றதுக்கு முன்னாடியே எனக்கு மனசுல பட்டுது. அந்த ஷோர்பாவைப் படிச்ச மறுவாரமே அல்ஜியர்ஸ் போய் விசாவுக்குக் கொடுத்துட்டு வந்துட்டேன். ரெண்டு தடவை திருப்பி அனுப்பினாங்க. புருஷன் அங்கே இருக்கிறதுக்குச் சாட்சி கேட்டாங்க. இருபது வருஷக் கடித உறையை மூட்டையாக் கட்டிக் கொண்டுபோய் மேசையில கொட்டினேன். அந்தப் பொண்ணு பயந்துட்டா. முந்தாநாள் முத்திரை குத்தின பாஸ்போர்ட் வந்துருச்சு நூரி!

நம்ம பெரியப்பா மகன் குடும்பத்தோட மார்செய் போறான். இருபதாம் தேதிக் கப்பல். அவன்கூட வந்து, அங்கிருந்து ரயில் ஏறிருவேன். அவர்கிட்டச் சொல்லாதே. சொன்னா சவரம் பண்ணிக்கிட்டு, கோட்டு மாட்டிக்கிட்டு எனக்கு வேஷம் காட்டுவார். நான் கடைக்குள்ள நேரா வந்து அந்த மேசையில உட்காரணும். அதுவரைக்கும் அவரை எப்படியாவது தேத்தி வை.

இதைத் தந்தியா அடிக்கலாம்னு ஒரு நிமிஷம் நினைச்சேன். அந்த உடம்போட இருக்கிறவர் கையில தந்தியைக் கொடுத்தா படிக்கிறதுக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்துருவார். கடிதம் எனக்கு ஒரு வாரம் முன்னாடியே வந்து சேரும்.

அக்கா ஃபத்தூமா

*

ரூபே,
13 பிப்ரவரி 1988

அக்காவுக்கு,

நீ சுகமா இருப்பேன்னு நம்பறேன். உன்கிட்டேர்ந்து பதிலே வரலை. செத்தீஃப் பக்கம் பனி கொட்டுது, மலைப்பாதை மூடியாச்சுன்னு கடை ரேடியோவுல கேட்டோம். அதுதான் காரணமா இருக்கும்னு எடுத்துக்கிட்டேன்.

நேத்து டாக்டர் எங்களை உட்கார வெச்சுப் பேசினார். இனி ஆஸ்பத்திரியில செய்றதுக்கு ஒண்ணுமில்லையாம். மச்சான் எழுந்து கோட்டை மாட்டிக்கிட்டு, "அப்ப நான் வீட்டுக்குப் போறேன்"னார். ரூபே அறையைச் சொல்றார்னு நினைச்சேன். ஊரைச் சொல்லியிருக்கார். உனக்குத் தெரியும்னு அவர்கிட்டச் சொல்லிட்டேன். திட்டலை. "அவ கையால ஒரு வாய் தண்ணி குடிச்சா இறங்கும்"னு மட்டும் சொன்னார்.

இருபதாம் தேதி மார்செய்லேர்ந்து கப்பல். நானே கூட்டிட்டு வர்றேன். ஹாஜி பத்து நாள் லீவு கொடுத்து, அடுப்புல அவரே நிக்கிறேன்னுட்டார்.

தந்தி அடிக்கப் போய் வரிசையிலயும் நின்னேன். மஸ்ஊத் அம்மா ஞாபகம் வந்துருச்சு. நீ தனியா இருக்கிற வீட்டுல அந்தக் காகிதம் வந்தா என்ன ஆவேன்னு யோசிச்சுத் திரும்பி வந்துட்டேன். இந்தக் கடிதம் எங்களுக்கு முன்னால வந்துரும். படுக்கையை அடுப்புப் பக்கமாப் போட்டு வை. நீ எங்கேயும் போயிராதே.

நூரி

*

ரூபே,
25 பிப்ரவரி 1988

தம்பி நூரிக்கு,

நீயும் அவரும் வீடு போய்ச் சேர்ந்து சுகமா இருக்கணும். இதை நான் எங்கே உட்கார்ந்து எழுதறேன் தெரியுமா? ஹாஜி பூஅலாம் கடையில, ஹீட்டர் பக்கத்து மேசையில.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பையோட உள்ளே நுழைஞ்சேன். கடை முழுக்க ஆம்பிளைங்க. அடுப்பு முன்னால ஒரு பெரியவர் நின்னார், நீ இல்லை. "நான் லக்தர் வீட்டுக்காரி"ன்னேன். அவர் கையிலிருந்த இடுக்கி கீழே விழுந்துது. யாரோ ஒருத்தர் நாற்காலி இழுத்துப் போட்டார். அப்புறம்தான் அந்தப் பெரியவர் ஹாஜி, நீங்க ரெண்டு பேரும் ஊருக்குக் கிளம்பிட்டதைச் சொன்னார். சொல்றப்ப என்னைப் பார்க்காம மெர்கேஸைப் புரட்டிக்கிட்டே சொன்னார், பாவம். நான் சிரிச்சேன்டா. எல்லாரும் பயந்துட்டாங்க. நிறுத்த முடியலை.

மறுநாள் காலையில தபால்காரர் ஒரு கடிதம் கொண்டுவந்தார். நான் உனக்கு எழுதினதுதான்! பனியில மாட்டிக்கிட்டு, பாதை திறந்ததும் ஊர்லேர்ந்து நான் இறங்கி வந்த லாரியிலயே ஏறி, என் பின்னாடியே வந்து சேர்ந்திருக்கு.

உடனே திரும்பலாம்னா விமானத்துல இடமில்லை. மார்செய்ல கடல் கொந்தளிப்புன்னு இந்த வாரக் கப்பலை நிறுத்திட்டாங்க. அடுத்தது மார்ச் அஞ்சு, சனிக்கிழமை. அதுவரைக்கும் ஹாஜி வீட்டுல, அவர் மனைவி லல்லா யமீனாகூட இருக்கேன். தங்கமான மனுஷி. ஊருக்குப் போன் பண்ணப் பார்த்தோம், பனியில கம்பி அறுந்துருச்சாம், செத்தீஃபுக்கே லைன் இல்லை.

அவருக்குத் தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாக் கொடு. மண்பானைத் தண்ணி, சுட வெச்சு ஆற வெச்சது. நான் வந்துடறேன்.

அக்கா

*

ஐன் ரும்மான்,
1 மார்ச் 1988

அக்கா,

இதை ஹாஜி உறைக்குள்ள வெச்சு அனுப்பறேன். நீ பிரிக்கிறப்ப லல்லா யமீனா உன் பக்கத்துல உட்கார்ந்திருக்கணும்னு அவருக்குத் தனியா எழுதியிருக்கேன். நீ அவங்க வீட்டுலதான் இருப்பேன்னு நம்பறேன்.

நாங்க வந்தப்ப வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அக்கா சாவியோட ஓடி வந்து, நீ ரூபே போயிட்டேன்னு சொன்னாங்க. நான் அங்கேயே படியில உட்கார்ந்துட்டேன். மச்சான் என் தோளைப் பிடிச்சுக்கிட்டு நின்னார். அவர் சிரிச்சார். "அப்ப பூஅலாம் கடைக்குத்தான் போயிருப்பா. பட்டினி போடமாட்டாங்க, நல்லா சாப்பிடுவா"ன்னார். படுக்கையில நீ படுக்கிற பக்கத்துலதான் படுத்தார். உன் போர்வையைத்தான் கேட்டார்.

அக்கா, நேத்து திங்கக்கிழமை விடிஞ்சப்ப அவர் போயிட்டார். கஷ்டப்படலை. கடைசியா நான் கொடுத்த தண்ணி உள்ளே இறங்கலை, உதட்டை மட்டும் நனைச்சுது. அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் செஞ்சோம். அம்மாவுக்குப் பக்கத்துலயே.

செத்தீஃப் போனேன். போன் லைன் இன்னும் வரலை. தந்திக் காகிதம் கொடுத்தாங்க. பேனாவை வெச்சுக்கிட்டு நின்னேன். ஆம்பிளைங்க நடுவுல, தெரியாத ஊர்ல, நின்ன நிலையில நீ அதைப் பிரிப்பே. என்னால எழுத முடியலை. திரும்பி வந்துட்டேன். இதுவும் தப்பா இருக்கலாம். எது சரின்னு எனக்கு இப்ப ஒண்ணும் தெரியலை.

நீ அங்கேயே இரு. நான் வந்து உன்னைக் கூட்டிட்டு வர்றேன்.

நூரி

*

ரூபே,
2 மார்ச் 1988

என் வீட்டுக்காரருக்கு,

ஃபத்தூமா எழுதறேன். நூரி உங்களுக்குச் சத்தமாப் படிச்சுக் காட்டட்டும். உடம்பு எப்படி இருக்குன்னு இந்தத் தடவை கேட்கமாட்டேன், எனக்கு எல்லாம் தெரியும். கோபம் இருக்கு, அதை வந்து வெச்சுக்கிறேன்.

உங்க மேசையில தினமும் உட்கார்றேன். முதல் நாள் ஹாஜி ஒரு தட்டு கொண்டுவந்து வெச்சார். மெர்கேஸ், ஈரல், கோழிக்கால், மேலே மலை மாதிரி வறுவல். நாலு பேர் சாப்பிடலாம். எனக்கு எச்சில்கூட இறங்காத நேரம். நிமிர்ந்து பார்த்தா கடை முழுக்க என் தட்டைத்தான் பார்க்குது. எதிர்ல உட்கார்ந்திருக்கிற உங்க சிநேகிதர் அர்ஸ்கி தலையைக் குனிஞ்சுக்கிட்டே ஒரு துண்டை எடுத்துக்கக் கையை நீட்டினார். அவர் கையில ஒரு தட்டு தட்டினேன். "இது என் தட்டு"ன்னேன். ரொட்டியைப் பிய்ச்சு ஒண்ணு விடாம சாப்பிட்டேன். காரம் கண்ணைப் பிடுங்குச்சு. அழுதேனா, காரமான்னு அவங்களுக்கும் தெரியலை, எனக்கும் தெரியலை. ஹாஜி வந்து காலித் தட்டை எடுத்தார். எப்பவும் சொல்ற வார்த்தையைச் சொல்ல வாயெடுத்துட்டு, சொல்லாம உள்ளே போயிட்டார்.

உங்க ஹரீஸாவுல பூண்டு போதாது. சொன்னேன். மறுநாளே திருத்திட்டாங்க.

இத்தனை வருஷமா நீங்க இங்கே தனியாக் கிடக்கிறீங்கன்னு நினைச்சு நான் அங்கே வெந்துக்கிட்டிருந்தேன். தனியா இல்லை நீங்க. அது கொஞ்சம் ஆறுதலா இருக்கு. கொஞ்சம் பொறாமையாவும் இருக்கு, மறைக்கமாட்டேன்.

நான் வர்றப்ப நடுக்கடல்ல எதிர்ல ஒரு கப்பல் போச்சு. மேல்தளத்துல நின்னவங்க எல்லாம் கையை ஆட்டினாங்க. நானும் ஆட்டினேன். அன்னைக்கு மார்செய்லேர்ந்து கிளம்பினது அது ஒண்ணுதான்னு ஹாஜி சொல்றார். நீங்க உள்ளே படுத்திருந்திருப்பீங்க.

துணியெல்லாம் மூட்டை கட்டியாச்சு. சனிக்கிழமை கப்பல், திங்கக்கிழமை வீட்டுல இருப்பேன். இனி யாரும் யாரையும் தேடிப் போகவேண்டாம். நான் வர்ற வரைக்கும் வீட்டை விட்டு எங்கேயும் போயிராதீங்க.

உங்க ஃபத்தூமா